குடத்தோடு ஒருத்தி

படாளத்து வயல் வரப்பில் உட்கார்ந்து, வேண்டா தன் புருஷன் துரையின் போன் மேல் வெயில் படாமல் முந்தானையைப் பிடித்திருக்கிறாள். மாமல்லபுரத்தில் எடுத்த ‘தூறல் வாசல்’ சீரியலில், தாம்பாளத்தோடு கதாநாயகிக்குப் பின்னால் கூட்டத்தில் ஒருத்தியாக அவள் நின்றிருந்தாள். அதைத் தேடினால் அதே பேரில் ஒரு பழைய சினிமாப் பாட்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது. “இரு மே, சீரியல் கீழ கீதான்னு பாக்கறேன்” என்று துரை திரையை மேலே தள்ளப் போகிறான். வேண்டா அவன் கையைப் பிடிக்கிறாள். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் கதாநாயகியின் தோளுக்குப் பின்னால் குடத்தோடு ஒருத்தி ஆடுகிறாள். கால் தடுமாறி, சட்டென்று மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறாள். “இவ பேரு இன்னாய்யா?” “கூட ஆடறவங்க பேரெல்லாம் எவன் போடறான்?” சேறு காய்ந்த விரலால் வேண்டா பாட்டை முதலிலிருந்து ஓடவிடுகிறாள்.