இன்னும் வராத இரண்டாம் பாகம்

"ஏனுங்க, இது என்னங்க?"

லைப்ரரிக்காரர் பேனா எடுக்கத் திறந்த மேசை டிராயரில் கிடந்த புத்தகத்தை அங்கப்பன் வெடுக்கென்று எடுத்தார். சிவப்பு அட்டை. முதல் பாகத்து அட்டையில் கோரைப்பல் தெரியச் சிரித்த அதே பெண். மூலையில் பெரிதாக 2.

லெண்டிங் லைப்ரரி திருமலைசாமிக்கு முகம் செத்துப்போனது.

"இப்பத்தானுங்க ரெண்டாம் பாகம் இன்னும் வரலைன்னீங்க?"

"அது வந்துங்க..."

"எந்தப் பெரிய ஊட்டுப் புள்ளைக்கு ஒளிச்சு வெச்சிருக்கீங்க? என்ற புள்ள ஆஸ்பத்திரிக் கட்டில்ல ரத்த பாட்டிலைப் பார்த்துட்டுக் கெடக்கறா. அவகிட்டப் பொய் சொல்ல எப்பிடீங்க மனசு வருது?"

புத்தகம் தேடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் லோகப்பிரியாவுக்குப் பதிமூன்று வயது. மாதம் தவறாமல் உடுமலையிலிருந்து கோயமுத்தூர் கூட்டிவந்து ரத்தம் ஏற்ற வேண்டும். ஊசி என்றாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிற பிள்ளை, இங்கே எடுத்த முதல் பாகத்தைப் படித்ததிலிருந்து மாறிப்போனாள். ரத்தம் குடித்தே உயிர் வாழ்கிற பள்ளிக்கூடப் பெண்ணின் கதை.

"அவளும் என்னைய மாதிரித்தானுங்கப்பா. அடுத்தவங்க ரத்தத்துல ஓடற வண்டி" என்று சிரிப்பாள்.

அதிலிருந்து அங்கப்பனுக்கு அது ஒன்றுதான் பிடி. "எந்திரி கண்ணு, ரத்தம் ஏத்திட்டு, ரெண்டாம் பாகம் வாங்கிட்டு வந்தர்லாம்." வந்தால், "அடுத்த மாசம் பாப்பா" என்பார் திருமலைசாமி.

போன மாதம் டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அங்கப்பன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. இருதயம் தாங்காதாம். ரெண்டு மாதம், மிஞ்சினால் மூன்று.

"நாங் கொண்டுபோறேன். இதையாச்சும் படிச்சுட்டு..." புத்தகத்தைப் பைக்குள் செருகினார்.

"கொண்டு போகாதீங்க" என்றார் திருமலைசாமி மெதுவாக.

"ஏன்?"

"போன மாசம் பாப்பாவ இங்க உட்டுப்போட்டு, ஊருக்குப் போன் பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போனீங்களே, அப்பவே இது வந்துருச்சுங்க. ஆசையாக் கையில குடுத்தேன். அட்டையத் தடவிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருச்சு. இன்னும் வரலைன்னே அப்பாகிட்டச் சொல்லுங்கன்னு சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் போச்சு."

"எதுக்குங்க?"

திருமலைசாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"'டாக்டர் சொன்னதைக் கதவுக்கிட்ட நின்னு நானும் கேட்டுட்டேனுங்க மாமா. நாங் கேட்டது அப்பாவுக்குத் தெரியாது. அடுத்த மாசம்னு எங்கிட்டச் சொல்றதுக்கு, அவருக்கு இந்தப் புக்கை விட்டா வேற ஒண்ணுமில்லீங்க. இது வராமயே இருக்கட்டும்'னுச்சு."