பேர் எழுதாத தாள்

"மேல ஏறிக்கினேதான் போவுது. ஆனா உள்ள தெம்பு கொறைஞ்சிக்கினே வருது. இது ரொம்ப நாள் தாங்காதுப்பா" என்று உதட்டைப் பிதுக்கினார் அப்பாதுரை.

ஏதோ நோயாளியைச் சொல்கிறார் என்று பயந்துவிட வேண்டாம். சுவரில் ஒட்டியிருந்த கிராஃப் தாளைத்தான் சொன்னார்.

அப்பாதுரை நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டான கேஜை ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்துவிட்டால் ஷேர் பைத்தியம். டீ கம்பெனி, சிமெண்ட் கம்பெனி என்று ஊரிகம் தொழிலாளர் லைன் வீட்டின் முன்னறையெங்கும் தாள்தான். ஒவ்வொன்றிலும் மேலே விலைக் கோடு, கீழே வேகக் கோடு.

"கேஜு மேல வர்றப்போ இன்னா ஆவுது? குழி வாய்கிட்ட வந்துக்கினேதான் இருக்கும், வேகம் மட்டும் கொறையும். விலையும் அப்டித்தான். ரெண்டு கோடும் வேற வேற பக்கம் போச்சுன்னா, மேல் கோடு பொய் சொல்லுதுன்னு அர்த்தம்."

அப்படிப் பிரிந்தால் அடிக்க ஒரு பித்தளை மணியும் தொங்கியது. எல்லாம் கேஜ் இறங்கும் ஷாஃப்ட் குழியின் பழக்கம். அங்கே ஒரு மணி அடித்தால் நிறுத்து, மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறார் என்று அர்த்தம்.

அவருக்குக் கோடு போட வந்தவன்தான் சுரங்க டிராயிங் ஆபீஸ் மாணிக்கராஜ். லைனில் எல்லாரும் அவரை 'அண்ணே' என்பார்கள். இவன் மட்டும் ஜாக்கிரதையாக 'சார்' என்பான். காரணம் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது. பெயர் யசோதரா, அப்பாதுரையின் மகள்.

இன்று சாயங்காலம் அவளைப் பெண் பார்க்க ஆம்பூரிலிருந்து வருகிறார்களாம். நேற்று அப்பாதுரைதான் போகிறபோக்கில் சொன்னார். அதிலிருந்து மாணிக்கராஜுக்குச் சோறு இறங்கவில்லை. விருந்தாளி வருகிற வீட்டில் பலகார வாசனை துளிகூட இல்லாததும் அவன் மூக்குக்கு எட்டவில்லை.

"சார், ஒரு விஷயம்..."

"இருப்பா. வேகத்த எத்தினி நாளுக்குக் கணக்குப் பண்றது, சொல்லு. அஞ்சு நாளு வெச்சா ஈ பறந்தாக்கூட சிக்னல் வருது. இருவது நாளு வெச்சா எல்லாம் முடிஞ்சி பால் ஊத்தனப்புறம் வருது."

"பத்து வையுங்க சார். நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

"பத்து! நல்லாக்கீது." அப்பாதுரை ஓரத்துத் தாள் ஒன்றைக் காட்டினார். அதில் மட்டும் கம்பெனிப் பேரே இல்லை. மேல் கோடு உச்சிக்குப் போயிருந்தது, கீழ்க் கோடு பாதாளத்தில் கிடந்தது. "பத்து நாள் கணக்குல இதுக்கு சிக்னல் வந்துட்ச்சி. நம்பலாமா, கை கழுவிடலாமா?"

இந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. "சுத்தப் பித்தலாட்டம் சார். இன்னிக்கே கை கழுவிடுங்க!"

சமையலறையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும் சத்தம் கேட்டது. அழுகிறாள்! மாணிக்கராஜுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல ஆகிவிட்டது.

"சார், யசோதராவ எனக்குக் கட்டிக் குடுங்க!" என்று கத்தியேவிட்டான்.

அப்பாதுரை ஸ்கேலைக் கீழே வைத்தார். "இந்தத் தாளு கம்பெனியே இல்ல. மேல் கோடு, நீ எங்க வூட்ல குந்திக்கினு இருக்கற நேரம். கீழ்க் கோடு, அதுல நீ கிராஃப் தாளப் பாக்கற நேரம்."

பென்சில் நழுவி உருண்டோடியது. தன் வாயாலேயே தன்னைக் கை கழுவச் சொல்லிவிட்டானே, மடையன்!

அவர் எழுந்து மணிக் கயிற்றைப் பிடித்தார்.

டங்.

நிறுத்து. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று. மாணிக்கராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

டங். டங். மொத்தம் மூன்று!

கண்ணைத் திறந்தால், சமையலறை வாசலில் யசோதரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நைனா, பாவம், உட்டுடு அவர" என்றாள்.

அவனுக்குத் தலை கிறுகிறுத்தது. சந்தோஷத்தில் அறையே கேஜ் மாதிரி மேலே போயிற்று. பாதி வழியில் திடீரென்று ஞாபகம் வந்தது.

"அப்போ... சாயங்காலம் வர்ற ஆம்பூர்காரங்க?"

"ஆம்பூர்ல நமக்கு யாரு கீறாங்க, மாப்ள?"