ஜாடியில் மறந்த படலம்

"முனீர், ஒரு மணி நேரத்துல ஜாடியிலேர்ந்து எடுக்கவேண்டிய பாலிமர் படலத்தை அப்படியே போட்டுட்டு நேத்து நோன்பு திறக்க ஓடினது யாரு?" பேராசிரியை லம்ரானி கத்தினார்.

"தாஹர்தான், மேடம்," என்றேன்.

கூட ஆய்வு செய்யும் தாஹர் என்னைப் பார்த்தான். திட்டை அவனே வாங்கிக்கொண்டான்.

திட்டிக்கொண்டே படலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சாயமே தொடாத படலம் மயில்கழுத்து நிறத்தில் மின்னியது.

"நேரம் கிடைச்சதுல மூலக்கூறெல்லாம் தானாவே வரிசைகட்டி நின்னிருக்கு! ரெண்டு வருஷமா நாம தேடின நிறம்! தாஹர், ஆய்வுக் கட்டுரையில உன் பேருதான் முதல்ல!"

"போட்டுட்டுப் போனது முனீர், மேடம். தன்னைப் பத்திச் சொல்லிக்க அவனுக்குக் கூச்சம்," என்றான் தாஹர்.

ஆய்வகத்தில் இருந்த எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள்.

மாலையில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்ததும் முதல் பேரீச்சம்பழத்தைத் தாஹர் என்னிடம்தான் நீட்டினான். என் தப்பை அவன்மேல் போட்டிருந்த நான் அதைப் பிய்த்துப் பாதியை அவனிடமே நீட்டினேன்.