செண்பகத்தின் கண்

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. இந்தச் செண்பகக் குருவி கூட்டுக்குள்ள அடைச்சு வைச்சதுதானே?"

நஃப்லா தொலைபேசியில் கதிர்காமநாதனிடம் கேட்டாள்.

அவள் வவுனியாவில் ஸ்டூடியோ வைத்திருந்தாள். வன்னிக் காட்டுப் பறவைகள் கண்காட்சிக்கு வரும் படங்களைத் திருத்தி அச்சுக்குக் கொடுப்பது அவள் பொறுப்பு. உடையார்கட்டிலிருந்து கதிர்காமநாதன் அனுப்பிய செண்பகத்தின் படத்தைக் கண்காட்சி வாசலில் பெரிதாக வைப்பதென்று முடிவாகியிருந்தது.

காலையிலிருந்து அந்தப் படத்தோடுதான் இருந்தாள். ஓரத்தில் துருத்திய இலையை வெட்டினாள். பறவை பார்க்கும் பக்கம் கொஞ்சம் வெளி விட்டாள். பின்னாலிருந்த பச்சையை மங்கலாக்கினாள். கடைசியாகக் கண்ணைத் தெளிவாக்கப் பெரிதாக்கியபோது, அந்தச் சிவப்புக் கண்ணின் நடுவே கம்பிகள் தெரிந்தன.

"அது காட்டுச் செண்பகம்தான் பிள்ளை," என்றார் கதிர்காமநாதன்.

"ஆளைக் கண்டாலே பத்தைக்குள்ள ஓடிற குருவி. இவ்வளவு கிட்ட எப்பிடி எடுத்தனீங்கள்?"

"பாத்துக்கொண்டு இருந்தனான். வந்தது."

"கண்ணில கம்பி விழுந்திருக்கு."

"அதை அழிக்க ஏலாதோ?"

"ஏலும். ஆனா அடைச்சு வைச்ச குருவியைக் காட்டுக் குருவி எண்டு நான் மாட்ட மாட்டன். குளக்கட்டுப் பக்கம் போய் வேற ஒண்டு எடுத்து அனுப்புங்கோ."

"குளக்கட்டுக்குப் போக வசதிப்படாது."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் அனுப்பிய மற்றப் படங்களையும் திறந்து பார்த்தாள். மைனா, கொண்டைக்குருவி, மாம்பழக்குருவி. எல்லாம் ஒரே கொப்பில், ஒரே உயரத்தில்.

நேரில் போவதென்று முடிவெடுத்தாள். அடைத்து வைத்திருந்தால் திறந்து விட்டுத்தான் திரும்புவது.

அடுத்த நாள் உடையார்கட்டில், படலையைத் திறந்தவர் அவருடைய தங்கை இரஞ்சிதம்.

"வாங்கோ பிள்ளை. அண்ணை உள்ளுக்கைதான்."

"முதல்ல கூட்டைக் காட்டுங்கோ அக்கா."

"என்ன கூடு?"

நஃப்லா வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். கூடு இல்லை, வலை இல்லை. சுவரை நோக்கி நீண்ட ஒரு கொய்யாக் கொப்பு மட்டும் இருந்தது. அதில் இருந்த செண்பகம் அவளைக் கண்டதும் சடசடவென்று இறங்கிப் பத்தைப் புதருக்குள் மறைந்தது.

அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கவேண்டுமென்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து, இரஞ்சிதம் காட்டிய அறைக்குள் நுழைந்தாள்.

யன்னலோடு ஒட்டிப் போட்ட கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். அவருடைய தலைக்கு மேலே, யன்னல் கம்பிகளில் துணியால் கட்டிய கமரா, கொய்யாக் கொப்பைப் பார்த்தபடி இருந்தது.

"கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ பிள்ளை," என்றார் கதிர்காமநாதன். "எனக்கு எழும்ப ஏலாது. சண்டை நேரம் முள்ளந்தண்டில செல் குண்டுத் துண்டு பட்டது."