நடுவில் ஒரு கோடு

கோடு நிமிர்ந்து நிற்க வேண்டும். படுத்துவிடக் கூடாது.

அப்படித்தான் சுகிர்தா சொல்லிக்கொடுத்திருந்தாள். இவள் கணவரின் அண்ணன் வீட்டு மருமகள். போட்டோக்களை ஒட்டி, அலங்கரித்து ஸ்கிராப்புக் செய்வதில் கெட்டிக்காரி. கணவரின் மணிவிழாவுக்கு மண்டப வாசலில் ஒன்று வைக்க வேண்டும் என்று பொறுப்பை இவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

“எல்லாப் பக்கத்துலயும் ஒரே மாதிரி கோடு போட்ட பேப்பர் ஒரு துண்டாவது வரணும் சின்ன அத்தை. அப்பதான் பிரிஞ்சு பிரிஞ்சு நிக்காது.”

ஃபேன்சி ஸ்டோரில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட தாள் வாங்கி வந்தாள். ஸ்கேல் வைத்து, நீள நீளமாக வெட்டினாள்.

எங்கே ஒட்டுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மகள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன அன்று, அவர் ஆல்பங்களை எல்லாம் இறக்கி வைத்துக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார். கோபமாகக்கூட வெட்டவில்லை. ஆபீஸ் வேலை பார்க்கிற மாதிரி பொறுமையாக வெட்டினார். ஒவ்வொரு போட்டோவிலும் நடுவில் நின்றவள் போனாள். இந்தப் பக்கம் இவள் ஒரு துண்டு, அந்தப் பக்கம் அவர் ஒரு துண்டு.

அதோடு அந்தப் பெயரும் வீட்டில் நின்று போயிற்று.

இப்போது மத்தியானம். சாப்பாட்டு மேஜையில் எதிரே அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பசை டப்பா அவர் கைப்பக்கம் இருந்தது. இவள் ஒவ்வொரு தடவையும் எழுந்து, எட்டித்தான் எடுத்தாள்.

ஊட்டி. இவள், கோடு, அவர்.

புதுமனை புகுவிழா. இவள், கோடு, அவர்.

கல்லூரி வாசல். பட்டமளிப்பு விழாவுக்கு இவர்கள் இரண்டு பேரும் எதற்குப் பட்டுப்புடவையும் வேட்டியுமாகப் போய் நின்றார்கள் என்று மண்டபத்தில் யாராவது கேட்கத்தான் போகிறார்கள். கேட்கட்டும்.

கடற்கரைப் படத்தில் மட்டும் கத்தரி தோற்றிருந்தது. இவள் தோளில் நான்கு விரல்கள் மிச்சம். வெட்டினால் இவள் தோளும் போயிருக்கும். கோட்டுத் தாளை விரல்கள் மேல் படாமல் ஒட்டினாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கிறவள் கை நீட்டித் தொடுகிற மாதிரி இருந்தது.

அழக் கூடாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பேப்பர் அசையவில்லை.

மணிவிழாப் பத்திரிகை எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. பேச்சு நின்றுபோன பங்காளிக்குக்கூட அவரே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மகளைக் கூப்பிடலாமா என்று கேட்க இவளுக்குத்தான் வாய் வரவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது கேட்க நினைப்பாள். ராத்திரி மாத்திரை கொடுக்கும்போது நினைப்பாள். யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், வீட்டில் இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த படத்தை எடுத்தாள். பசை தடவினாள். கோட்டை நடுவில் வைத்து அழுத்தினாள்.

எதிரே பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இது நம்ம கல்யாணப் போட்டோ.”

இவள் குனிந்து பார்த்தாள். ஆமாம். மாலையும் கழுத்துமாக இரண்டு பேர். வெட்டுப்படாத முழுப் படம். கை பழகின வேகத்தில் அதன் நடுவிலும் கோட்டை ஒட்டியிருந்தது.

“இதுல தமயந்தி ஏது? அப்ப அவ பொறக்கவே இல்லையே.”

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார்.

அவர் மறுபடி பேப்பரை எடுத்தார். பிரித்தார். படிக்கவில்லை.

இவள் நகத்தால் கோட்டின் நுனியைக் கிளப்பி, மெதுவாக உரித்தாள். பசை காயவில்லை. போட்டோவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தாள் விரலில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. குப்பையில் போட மனம் வரவில்லை.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். மணிவிழாவன்று எடுக்கப்போகிற படத்துக்காகச் சுகிர்தா காலியாக விடச் சொன்ன பக்கம்.

நட்டநடுவில் கோட்டை நிமிர்த்தி வைத்தாள். இந்தப் பக்கம் ஒருத்தருக்கும், அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் இடம் விட்டு.

வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். இத்தனை நாள் வாய் வராததைக் கண்ணால் கேட்டாள்.

கோட்டின் மேல் முனை ஒட்டாமல் சுருண்டு எழுந்தது. பசை போதவில்லை.

அவர் பேப்பரை இறக்காமல், டப்பாவை இவள் பக்கமாக நகர்த்தினார்.