குருவி பேசாத கதை

நாலு வருடமாகக் குறும்படக் கதைப் போட்டியில் தோற்ற காகம், மறுநாள் சொல்லவேண்டிய கதையை முதலில் நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தது. பின்னணி இசையையும் தானே வாயால் போட்டது. கூட்டில் முட்டையிட்டிருந்த குருவியொன்று, மரம் வெட்ட வந்தவர்களிடம் பத்து நிமிடம் நியாயம் பேசும் கதை.

"பிரமாதம், தலைவரே" என்றது, பாதியிலிருந்தே தோகையைக் கோதிக்கொண்டிருந்த மயில்.

ஆமை தயங்கியது. "அண்ணே, அவ்வளவு நேரமும் முட்டையை யாரு அடைகாத்தா?"

எத்தனையோ மேடை கண்ட காகத்துக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அது சொன்ன கதையில் குருவி வாயே திறக்கவில்லை. வெட்ட வந்தவர்கள் கோடரியை ஓங்கியபோதும் முட்டைமேலேயே உட்கார்ந்திருந்தது.

"இதையே படமாக்குவோம்" என்றது நடுவர் யானை.

ஆமைக்கு நன்றி சொல்லக் காகம் பறந்தது. போட்டி பார்க்கக் கிளம்பிய ஆமை பாதி வழியில்தான் வந்துகொண்டிருந்தது. காகம் இறங்கி, அதன் கூடவே நடந்தது.