பூப்போட்ட புடவை

"தங்கம் சிஸ்டர், இது கேம்ப்பா, கல்யாண வீடா?"

சாந்தகுமாரி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமலே சுருக்கென்று தைக்கிற மாதிரி கேட்க அவளுக்கு வரும். நர்ஸ்கள் சங்கத்துச் செயலாளர் என்றால் சும்மாவா.

எதிரே தங்கம் பூப்போட்ட நூல் புடவையில் நின்றாள். தலையில் தொப்பி இல்லை. சங்கத்து பேட்ஜ் இல்லை. இடுப்பில் குழந்தையை வைத்த மாதிரி ஒரு பெரிய துணி மூட்டை மட்டும்.

மற்றவர்கள் எல்லாரும் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில், கொக்குக் கூட்டமாய் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"போன கூட்டத்துலயே இதைச் சொல்லத்தான் கை தூக்கினேன் சிஸ்டர். நீங்க..."

"காரணம் எதுவும் வேண்டாம். போட்டோக்காரர் வரார். படம் சங்கத்து மலர்ல வரப்போகுது. நீ இந்தப் புடவையோட மேஜைப் பக்கம் வராதே. அதோ, அந்த வேப்பமரத்தடியில உட்காரு."

"சரி, சிஸ்டர்."

தங்கம் மூட்டையோடு போய் உட்கார்ந்தாள்.

"மூட்டையைப் பார்த்தீங்களா? பழைய துணிக்குப் பாத்திரம் மாத்தப் போறா போல. போற வழியில நமக்கும் முகத்தைக் காட்டிட்டுப் போறா" என்றாள் சுந்தரவல்லி. நாலைந்து கொக்குகள் சிரித்தன.

சாந்தகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கத்துக்கு இது முதல் கேம்ப். கூட்டத்துக்கே வராதவர்களை, ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கச் சொல்லி ஒவ்வொருத்தர் வீடாய் ஏறி இறங்கி அழைத்து வந்திருந்தாள். டில்லியில் மோதி பாக்கைத் தாண்டி இருக்கிற இந்தக் குடிசைகளில் சேலத்துப் பக்கமிருந்து ரோடு வேலைக்கு வந்த ஜனங்கள். போன மாதம்தான் இங்கே ஒரு குழந்தை தொண்டை அடைப்பானில் போய்விட்டது. அதற்குத் தடுப்பூசி, பெட்டியில் ஐஸுக்கு நடுவே காத்துக்கொண்டிருந்தது.

ஆனால் ஊசி போட்டுக்கொள்ளத்தான் ஒரு பிள்ளையும் வரவில்லை.

வெயில் ஏறியது. பெட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. டில்லி வெயிலுக்கு ஐஸ் எத்தனை நேரம் தாங்கும்? ஐஸ் போனால் மருந்தும் போச்சு.

"நமக்கென்ன சிஸ்டர், வராதவங்களை இழுத்துட்டா வர முடியும்? மூட்டை கட்டலாமா?" சுந்தரவல்லி கொட்டாவி விட்டாள். "அடுத்த தடவை என்னைக் கூப்பிடாதீங்க, ஆமா."

சாந்தகுமாரி எழுந்து விறுவிறுவென்று முதல் குடிசைக்கு நடந்தாள். சாக்குப் படுதாவுக்குப் பின்னால் ஒரு பெண், கைக்குழந்தையோடு.

"ஏம்மா, உன் பேரென்ன?"

"பவுனு."

"குழந்தைக்கு ஊசி போட வேண்டாமா பவுனு?"

"போடணும்தான் நர்ஸம்மா. தங்கம்மா அப்பவே வூடு வூடா வந்து சொல்லிச்சு. என் பிரசவம் பார்த்ததே அதான."

"அப்புறம் ஏன் யாரும் வரலை?"

பவுனு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எமர்ஜென்சி சமயத்துல லாரியோட வந்தாங்க நர்ஸம்மா. இதே மாதிரிதான் மேஜை, இதே மாதிரிதான் வெள்ளைச் சீலை, தொப்பி. என் கொழுந்தனை ஏத்திக்கிட்டுப் போயி, புள்ளை பொறக்காம ஆபரேசன் பண்ணி அனுப்பிட்டாங்க. அதுக்குக் கல்யாணங்கூட ஆவல. நீங்க வேற, அவங்க வேற, தெரியுது. ஆனா அந்த வெள்ளையைப் பார்த்தா கால் நவுர மாட்டேங்குது. என்னா பண்றது?"

உள்ளே கட்டிலுக்கு அடியில் ஒரு சின்னப் பிள்ளை சாந்தகுமாரியின் தொப்பியைப் பார்த்துவிட்டு இன்னும் உள்ளே நகர்ந்தது.

அந்தத் தொப்பியை முதல் முதல் தலையில் வைத்த நாளில் அவள் அழுதிருக்கிறாள், சந்தோஷத்தில்.

அவள் மெதுவாக வேப்பமரத்தடிக்கு நடந்தாள். கூட்டத்தில் தங்கம் தூக்கிய கை இப்போது ஞாபகம் வந்தது. 'ஐஸ் விஷயம் முடியட்டும், அப்புறம் சொல்லு' என்றவள், அப்புறம் கேட்கவே இல்லை.

"தங்கம்..." என்றாள்.

"பவுனு சொல்லிட்டாளா சிஸ்டர்?" தங்கம் எழுந்து மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். "ஐஸ் கரையறதுக்குள்ள மாத்திக்கலாம். பவுனு வீட்லயே இடம் தருவா. தொப்பியை மட்டும் கழட்டிடச் சொல்லுங்க."

மூட்டைக்குள் பச்சை, மஞ்சள், ஊதா. எல்லாமே அவள் வெளியே போகும்போது கட்டுகிற நல்ல புடவைகள்.

அடியிலிருந்து மடிப்புக் கலையாத ஒன்றை எடுத்து சாந்தகுமாரியின் கையில் வைத்தாள்.

"இது தீபாவளிக்கு எடுத்தது, நான் இன்னும் கட்டலை. உங்களுக்குன்னு தனியா வெச்சேன் சிஸ்டர். போட்டோவுல நடுவுல நிக்கப் போறது நீங்கதானே."